வேல்ஸ்: இயந்திரத்துக்குத் தாய்மொழி கற்பிக்கிறார்கள்

எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்த ஒரு நாட்டில், ஐந்து லட்சம் பேர் பேசும் மொழிக்காக எந்த நிறுவனம் பணம் போடும்? சந்தை கைவிட்ட வேலையை ஒரு பல்கலைக்கழகமும் ஒரு சிறிய அரசும் தூக்கிச் சுமக்கின்றன.

2008 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில் புதிய சாலை அறிவிப்புப் பலகை ஒன்று நடப்பட்டது. மேலே ஆங்கிலத்தில், கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை, இது குடியிருப்புப் பகுதி என்று எழுதியிருந்தது. கீழே வெல்ஷ் மொழியில் இருந்த வாசகத்தின் பொருள் இது: நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியது எதுவானாலும் அனுப்பி வையுங்கள்.

நடந்தது இதுதான். நகராட்சி அதிகாரி ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாளருக்கு ஈமெயிலில் அனுப்பினார். மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருந்ததால் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பதிலை அனுப்பியது. வெல்ஷ் தெரியாத அதிகாரி அதையே மொழிபெயர்ப்பு என்று நினைத்து பெயின்டருக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கார்டிஃபுக்கும் பெனார்த்துக்கும் இடையில் சைக்கிளில் வருபவர்களை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டிய ஒரு பலகை, வெல்ஷ் மொழியில் சிறுநீர்ப்பை வீக்கம் பற்றி ஏதோ உளறியது. வேல்ஸில் இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஆனால் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கடமான கணக்கு இருக்கிறது. சட்டப்படி எல்லாமே இரண்டு மொழியில் இருக்க வேண்டும்; அந்த இரண்டாவது மொழியை எழுதத் தெரிந்த கைகளோ குறைவு. இயந்திரம் உதவிக்கு வந்தால்தான் கட்டுப்படியாகும். அந்த இயந்திரத்துக்கு வெல்ஷ் சொல்லிக் கொடுப்பது யார்?

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் 31 லட்சம் பேர் வசிக்கும் நாடு வேல்ஸ். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டு பேர்கூட இல்லை. ஆங்கிலத்தோடு எந்த உறவும் தெரியாத அளவுக்கு விலகி நிற்கும் கெல்டிக் மொழி. 1536-ல் இங்கிலாந்தோடு இணைத்த சட்டம் நீதிமன்றங்களிலிருந்தும் அரசுப் பதவிகளிலிருந்தும் அதை விரட்டியது. 1588-ல் வில்லியம் மோர்கன் பாதிரியார் மொழிபெயர்த்த பைபிள்தான் அதற்கு உரைநடையில் ஒரு முதுகெலும்பு கொடுத்துக் காப்பாற்றியது. 19-ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார்கள்; நாள் முடிவில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி.

1962-க்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. போராட்டம், மறியல், சிறை. 1980-ல் க்வின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்த பிறகே மார்கரெட் தாட்சர் அரசு இறங்கி வந்து, 1982-ல் வெல்ஷ் டெலிவிஷன் சேனல் தொடங்க வழிவிட்டது. 1993 சட்டம் அரசு அலுவலகங்களை இருமொழிக்குள் கொண்டு வந்தது. 2011-ல் வெல்ஷ் அதிகாரபூர்வ மொழி ஆனது. 2050-க்குள் பத்து லட்சம் பேரை வெல்ஷ் பேச வைப்பது என்று 2017-ல் அரசு இலக்கு வைத்தது.

இந்த வரிசையில் டெலிவிஷன் வரை போராடிப் பெற முடிந்தது. ஏனென்றால் எதிரே ஓர் அரசு இருந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் எதிரே இருப்பது கலிபோர்னியாவிலும் சியாட்டிலிலும் உள்ள கம்பெனிகள். அவர்கள் கணக்கு எளிமையானது. வெல்ஷ் பேசுபவர்களில் குழந்தைகளைத் தவிர ஏறக்குறைய அத்தனை பேருக்கும் ஆங்கிலம் தெரியும். வெல்ஷ் இல்லை என்பதற்காக ஒருவர்கூட போன் வாங்காமல் இருக்கப் போவதில்லை. இருமொழி நாட்டின் சாபமே இதுதான். ஆங்கிலமே தெரியாத ஐந்து லட்சம் பேர் இருந்திருந்தால் ஒருவேளை யாராவது கடை விரித்திருப்பார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்ட இடம் வடக்கு வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகம். அங்குள்ள பெட்விர் மையத்தின் மொழித் தொழில்நுட்பப் பிரிவு, டெலித் ப்ரிஸ் என்ற பெண்மணியின் தலைமையில் நீண்ட காலம் இயங்கியது. எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் திருத்தும் 'கசில்' என்ற சாஃப்ட்வேர்தான் இவர்களது பழைய சரக்கு. வெல்ஷ் நன்றாகப் பேசுபவர்களில் பலர் அதில் எழுதக் கூச்சப்படுவார்கள். பள்ளி முடித்த பிறகு எழுதும் வாய்ப்பே வருவதில்லை. கசில் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. முதலில் விலைக்கு விற்றார்கள். 2020-ல் அரசு பணம் கொடுத்து, தனிநபர்களுக்கும் பள்ளிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இலவசமாக்கியது.

எழுத்தைத் திருத்துவது ஒரு வேலை. பேச்சு அப்படி அல்ல. எழுதியதைக் குரலாக்க வேண்டும், பேசியதை எழுத்தாக்க வேண்டும். இரண்டிலும் வெல்ஷ் நன்றாகவே தண்ணீர் காட்டுகிறது.

தமிழில் இரண்டு சொற்கள் சேரும்போது முதல் சொல்லின் கடைசி மாறும். பால், குடத்தோடு சேர்ந்து பாற்குடம் ஆகும். வெல்ஷ் சொற்களோ முன்பக்கத்தில் மாறும். 'பென்' என்றால் தலை. 'என் தலை' என்று சொன்னால் அது 'ம்ஹென்' ஆகிவிடும். 'அவன் தலை' என்றால் முதல் எழுத்து, 'அன்பு' என்பதில் வரும் 'பு' போல மெலியும். 'அவள் தலை' என்றால் 'ஃபென்'. இதில் வேடிக்கை, அவனுடைய என்பதற்கும் அவளுடைய என்பதற்கும் வெல்ஷ் மொழியில் 'ஈ' என்ற ஒரே சொல்தான். தலைவலி ஆணுக்கா பெண்ணுக்கா என்பது அடுத்த சொல்லின் முதல் ஒலியில் மட்டுமே இருக்கிறது. அந்த ஒலியை மெஷின் கோட்டைவிட்டால் ஆள் மாறிவிடுவார்.

எண்கள் இன்னொரு தலைவலி. பழைய முறையில் வெல்ஷ்காரர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். பதினெட்டு என்பது 'இரண்டு ஒன்பது'. தொண்ணூற்றொன்பது என்பது 'பதினைந்தின் மேல் நாலும் நாலு இருபதும்'. பள்ளிக் கணக்கிலும் பண விஷயத்திலும் இப்போது பத்து பத்தாக எண்ணுகிறார்கள். ஆனால் மணி சொல்லும்போது பழைய முறைதான். 11 என்ற எண்ணைப் பார்த்ததும் அது கடிகாரமா, காசா என்று தெரிந்துகொண்டு மெஷின் வாயைத் திறக்க வேண்டும். போதாததற்கு வடக்கு, தெற்கு பேதம். பாலுக்கு வடக்கில் ஒரு சொல், தெற்கில் ஒரு சொல். 'இப்போது' என்பதற்குத் தெற்கில் ஒரு சொல். அதை ரோமன் எழுத்தில் அப்படியே திருப்பிப் போட்டால் வடக்கின் சொல் கிடைக்கும்!

இவற்றையெல்லாம் விதிகளாக எழுதி மாளாது. ஆயிரக்கணக்கானவர்களின் குரலைக் கேட்டு மெஷின் தானாகக் கற்க வேண்டும். பெரிய மொழிகளுக்குக் கம்பெனிகள் குரலை விலைக்கு வாங்கின. பாங்கரில் இருந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். முதலில் ஐரோப்பிய யூனியனின் பணத்தில் டப்ளின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வெல்ஷுக்கும் ஐரிஷுக்கும் பேச்சுக் கருவிகள் செய்தார்கள். 2014-ல் 'பல்தரியோ' என்ற போன் சாஃப்ட்வேரை வெளியிட்டார்கள். வளவளவென்று பேசுவது என்று அதற்கு அர்த்தம். திரையில் வரும் சொற்களை உரக்கப் படித்தால் குரல் பாங்கருக்குப் போய்ச் சேரும்.

மோசில்லா நிறுவனம் 'காமன் வாய்ஸ்' என்ற பொதுக் குரல் சேமிப்பை 2018-ல் ஆங்கிலத்துக்கு வெளியே விரிவாக்கியபோது முதலில் சேர்ந்த மொழிகள் மூன்று: ஜெர்மன், பிரெஞ்சு, வெல்ஷ். இரண்டு யானைகளுக்கு நடுவில் ஒரு முயல். பாங்கர்காரர்கள் தயாராக இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெல்ஷ் கற்றுக்கொள்பவர்கள் என்று பலரும் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்ததில் நூறு மணி நேரத்துக்கு மேல் சரிபார்த்த ஒலி சேர்ந்தது.

நூறு மணி நேரம் என்பது எவ்வளவு? 2022-ல் ஓப்பன் ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்ற பேச்சறியும் சாஃப்ட்வேரை வெளியிட்டபோது அதற்குப் பயிற்சி கொடுத்த ஒலி 6,80,000 மணி நேரம். இன்டர்நெட்டிலிருந்து அள்ளிய சரக்கு. இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. பிற மொழிப் பேச்சை ஆங்கிலமாக்கும் பயிற்சிக்கு வெல்ஷில் மட்டும் சுமார் 9,000 மணி நேர ஒலி கிடைத்ததாகக் கணக்குக் காட்டியது. ஐந்து லட்சம் பேர் மொழிக்கு நம்ப முடியாத யோகம். ஆனால் சோதித்துப் பார்த்தால் மொழிபெயர்ப்பு படுமோசம். தோண்டிப் பார்த்ததில் உண்மை வெளிவந்தது. அந்த ஒலியில் பெரும்பகுதி வெல்ஷே அல்ல; ஆங்கிலம். மொழியை அடையாளம் காணும் மெஷின் ஆங்கிலத்தை வெல்ஷ் என்று முத்திரை குத்திவிட்டது. இதை அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ இப்படி ஒரு தவறு நடந்திருந்தால் முதல் நாளே யாராவது கூச்சல் போட்டிருப்பார்கள். சிறிய மொழி என்றால் 9,000 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்டர்நெட்டை அள்ளிப் போட்டால் எல்லா மொழியும் தானாக வந்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த ஒரு கதையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். வெல்ஷ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்த்த நூறு மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு அந்த 9,000-க்கு இல்லை. விஸ்பர் போன்ற பொது மாதிரிகளை எடுத்து, தங்கள் சொந்தப் பதிவுகளால் மறுபடி பயிற்சி கொடுத்து, வெல்ஷைப் பலமடங்கு நன்றாகப் புரிந்துகொள்ள வைத்தது பாங்கர் குழு.

இந்த வேலையில் மிகச் சிறிய திட்டம்தான் மனதை அதிகம் தொடுவது. தொண்டைப் புற்றுநோயாலோ நரம்பு நோயாலோ குரலை இழக்கப் போகிறவர்கள், இழப்பதற்கு முன்பே தங்கள் குரலைப் பதிவு செய்து வைக்கலாம். பிறகு அவர்கள் டைப் செய்வதை கம்ப்யூட்டர் அவர்கள் குரலிலேயே பேசும். ஆங்கிலத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. வெல்ஷ் பேசும் நோயாளிக்கு? ஆங்கிலத்தில் மட்டும் தன் குரல் மிஞ்சும். ஐம்பது வருடம் வெல்ஷில் பேசி வாழ்ந்த கணவன் மனைவிக்குள் இனி ஆங்கிலம்தான். ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டால் காத்திருக்க நேரம் இருக்காது. பாங்கர் குழு மருத்துவத் துறையோடு சேர்ந்து 'ஹ்லைசியுர்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. இரண்டு மொழியிலும் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தால் இரண்டிலும் குரல் மிஞ்சும். இதைப் பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கிலும் இது ஒரு வரியாகக்கூட வராது.

2018-ல் வெல்ஷ் அரசு மொழித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. பேச்சு, கம்ப்யூட்டர் உதவியோடு மொழிபெயர்ப்பு, உரையாடும் இயந்திரம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். ரோடு போடுவது போல இதையும் அரசு போட்டுக் கொடுக்கும். யார் வேண்டுமானாலும் அதில் வண்டி ஓட்டலாம் என்பது உள்ளே இருக்கும் யோசனை. அதனால் அரசுப் பணத்தில் செய்த ஒலித் தொகுப்புகளும் சாஃப்ட்வேரும் பெரும்பாலும் திறந்த உரிமத்தில் வெளிவருகின்றன. கார்டிஃபில் நாலு பேர் வைத்து நடத்தும் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம், கூகுளும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம், வெல்ஷைச் சேர்த்தால் போதும்.

சேர்ப்பார்களா? கூகுள் மொழிபெயர்ப்பு 2009-ல் வெல்ஷைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் 2014-ல் சேர்த்தது. கொரோனா காலத்தில் வெல்ஷ் அலுவலகங்கள் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கூட்டம் நடத்த முடியாமல் தவித்தன. ஒருவர் வெல்ஷில் பேசும்போதே இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்லும் வசதி அதில் இல்லை. அரசு விடாமல் கேட்டது. 2022-ல் அந்த வசதி வந்தது, உலகம் முழுவதற்கும். அரசே பெரிய வாடிக்கையாளராக இருக்கும் இடத்தில் குரல் எடுபடுகிறது.

வீட்டுக்குள் எடுபடவில்லை. பார்வையற்றோருக்கான தொண்டு நிறுவனம் ஒன்று முன்கை எடுத்து, போலந்து நாட்டின் ஐவோனா கம்பெனியிடம் வெல்ஷில் க்வினெத், கெரைன்ட் என்ற இரண்டு செயற்கைக் குரல்களைச் செய்து வாங்கியது. 2013-ல் ஐவோனாவை அமேசான் விலைக்கு வாங்கிவிட்டது. க்வினெத்தின் குரலை அமேசான் இப்போது மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. ஆனால் அதே அமேசான் வீடுகளில் விற்கும் அலெக்ஸாவின் மொழிப் பட்டியலில் 2024 இறுதி வரை வெல்ஷ் இல்லை. ஆப்பிளின் சிரியும் அப்படியே. குரல் கையில் இருந்தும் பேச வைக்க மனமில்லை.

இலவசமாகக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்ற கேள்விக்கு நியூஸிலாந்தில் வேறு பதில் கிடைத்தது. அங்கே மாவோரி மொழி 1987 முதல் அதிகாரபூர்வ மொழி. டெ ஹிகு என்ற மாவோரி ஒலிபரப்பு நிறுவனம் 2018-ல் போட்டி வைத்து, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் சேர்த்தது. ஓர் அமெரிக்க கம்பெனி விலை பேசியபோது விற்க மறுத்தது. நிலம் பறிபோனது போலக் குரலும் பறிபோக விடமாட்டோம் என்பது அவர்கள் வாதம். தங்கள் மக்களுக்குப் பயன்படும் என்றால் மட்டுமே கொடுப்பது என்று தனி உரிமமே எழுதினார்கள். கேட்க கம்பீரமாக இருக்கிறது. ஆனால் விலை பேச ஆள் வந்ததால்தான் மறுக்க முடிந்தது. வெல்ஷுக்கு அப்படி வாசல் வரை ஆள் வந்த கதைகள் அதிகம் இல்லை. சும்மா கொடுத்தாலே எடுக்க யோசிப்பவர்களிடம் பூட்டிக் காட்டி என்ன ஆகப் போகிறது என்று பாங்கர்காரர்கள் நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் நிலைதான் இரண்டுங்கெட்டான். 1993 சட்டம் வேல்ஸில் ஒரு மொழிபெயர்ப்புத் தொழிலையே உண்டாக்கியது. படித்த வெல்ஷ் இளைஞர்கள் சொந்த ஊரைவிட்டுப் போகாமல் செய்யக்கூடிய வேலை. கார்டிஃப் சட்டசபை விவாதங்கள் முழுவதையும் இரண்டு மொழியில் வெளியிடுவதை 2010-ல் செலவைக் காட்டி நிறுத்தினார்கள். கண்டனம் கிளம்பியது. கூகுள் முதல் வரைவைப் போட, மனிதர்கள் திருத்தும் முறையில்தான் அது திரும்பி வந்தது. மெஷின் இல்லை என்றால் வெல்ஷ் பதிவே இல்லை. மெஷின் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வெறும் திருத்துபவர். இன்று சில வினாடியில் பக்கம் பக்கமாக வெல்ஷ் கொட்டுகிறது. ஸ்வான்ஸீ அதிகாரி இன்று அதே பலகையை எழுதினால் தவறு வராது என்று சொல்லலாம். வந்தால் அதைக் கண்டுபிடிக்க அலுவலகத்தில் ஆள் இருப்பாரா என்பது வேறு விஷயம்.

வேல்ஸுக்கும் இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய முடிச்சு உண்டு. 1841-ல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் பாதிரியார் செரபுஞ்சியில் வந்து இறங்கினார். காசி மொழியைக் கற்று, அதை ரோமன் எழுத்தில், தன் தாய்மொழியின் உச்சரிப்பு முறைப்படி எழுதினார். 'ங' ஒலிக்கு இரண்டு ரோமன் எழுத்தைச் சேர்த்து ஒரே எழுத்தாக அகரவரிசையில் வைக்கும் வெல்ஷ் வழக்கம் காசி மொழியில் இன்றும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் காசி பேசுபவர்கள் 14 லட்சத்துக்கு மேல். வெல்ஷ் போல இரண்டரை மடங்கு. ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் காசி இல்லை. சேர்க்கச் சொல்லி 2018-ல் மேகாலயா சட்டசபை தீர்மானம் போட்டது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய பாஷினி மொழித் திட்டம் அந்த அட்டவணையின் 22 மொழிகளை முன்வைத்தே கிளம்பியது. ஷில்லாங்கில் பாங்கர் போல ஒரு பிரிவு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை.

பாங்கரிலும் எல்லாம் சுகமில்லை. பணம் திட்டம் திட்டமாகத்தான் வருகிறது. ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு மனுப் போட வேண்டும். வெல்ஷும் தெரிந்து புரோகிராமும் எழுதத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். லண்டன் சம்பளம் அவர்களை இழுக்கிறது. ஆரம்ப காலத்தில் கைகொடுத்த ஐரோப்பியப் பணமும் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் யுகத்தில் சிறிய மொழிகளுக்குச் சம உரிமை கேட்டு 2018 செப்டம்பரில் ஐரோப்பிய பார்லிமென்ட் நிறைவேற்றிய தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் வேல்ஸின் ஜில் எவன்ஸ். 2020 ஜனவரியில் பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேறியது. அவர் பதவியும் போனது.

எண்ணிக்கையும் மிரட்டுகிறது. பத்து லட்சம் இலக்கு வைத்த பிறகு வந்த முதல் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுபவர்கள் கூடவில்லை, குறைந்தார்கள். 5 முதல் 15 வயதுக்குள் இருப்பவர்களில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 2011-ல் நூற்றுக்கு 40, 2021-ல் 34. போனையே உலகமாகப் பார்க்கும் வயது அது.

அந்தப் பிள்ளைகளுக்காகப் பாங்கர் குழு செய்த பேசும் உதவியாளரின் பெயர் மாக்சென். வெல்ஷ் பழங்கதைகளில் வரும் ரோமானியப் பேரரசனின் பெயர். போனில் இறக்கிக்கொண்டு வெல்ஷில் கேட்டால் வானிலை சொல்லும், செய்தி படிக்கும், பாட்டுப் போடும், மணி சொல்லும். பழைய முறையில், பத்தின் மேல் ஒன்று என்று.